பிள்ளைகள் கையால் ஒரு மூன்கேக் பண்டிகை: மீன் லாந்தர், பம்பளிமாஸ் விளக்கு, பனித்தோல் மூன்கேக்

சீனர்களின் நிலாப் பண்டிகையான மூன்கேக் பண்டிகை நெருங்கினால் சிங்கப்பூரில் முதலில் வீட்டுக்கு வருவது மூன்கேக் என்ற இனிப்புப் பண்டத்தின் அட்டைப்பெட்டிகள்தான். அலுவலகத்தில் கொடுப்பார்கள், நண்பர்கள் கொடுப்பார்கள். தூக்கிப்போட மனம் வராத அளவுக்குப் பெட்டி அழகாக இருக்கும். உள்ளே தாமரை விதை விழுது, நடுவில் உப்பிட்ட முட்டையின் மஞ்சள்கரு. பெரியவர்கள் ஒரு துண்டை வைத்துக்கொண்டு ஒரு கோப்பைத் தேநீரைக் குடித்து முடிப்பார்கள். பிள்ளைகள் ஒரு கடி கடித்துவிட்டு மிச்சத்தை நம் தட்டில் வைத்துவிடுவார்கள். அப்புறம் பேட்டரி லாந்தர். பொத்தானை அழுத்தினால் பாடும், மின்னும். இரண்டிலும் பிள்ளை செய்வதற்கு ஒன்றுமே இல்லை.

2025-இல் இதை மாற்ற வேண்டும் என்று முடிவு செய்தேன். வாங்குவதைக் குறைத்துக்கொள்வது, செய்வதைக் கூட்டிக்கொள்வது. ஒரே ஒரு நிபந்தனை: செய்கிற ஒவ்வொரு பொருளிலும் பிள்ளையின் கை பட்ட இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நான் செய்து முடித்துவிட்டு, கடைசியில் ஒரு ஸ்டிக்கரை மட்டும் அவர்களை ஒட்டச் சொல்வது கணக்கில் வராது. வீட்டில் ஆறு வயதுப் பெண், மூன்று வயதுப் பையன். பக்கத்து வீட்டில் கான்டனீஸ் பாட்டி ஒருவர் இருக்கிறார். எனக்கு அவர் ஆண்டி, பிள்ளைகளுக்குப் போபோ. அவர் இல்லாவிட்டால் இதில் பாதி நடந்திருக்காது.

நிலா அட்டை

சீன நாட்காட்டியில் எட்டாம் மாதம் பதினைந்தாம் நாள்தான் பண்டிகை. மாதம் அமாவாசையோடு தொடங்குவதால் பதினைந்தாம் நாள் முழு நிலவை ஒட்டியே வரும். 2024-இல் அது செப்டம்பர் 17. 2025-இல் ஆறாம் மாதம் இரண்டு முறை வந்ததால் அக்டோபர் 6 வரைக்கும் தள்ளிப்போய்விட்டது. அதில் எங்கள் வீட்டுக்கு ஒரு வசதி. எட்டாம் மாதத்தின் முதல் நாள் செப்டம்பர் 22. நவராத்திரி தொடங்கியதும் அன்றுதான். கொலு வைத்த நாளிலிருந்து நிலா வளர்கிறது; விஜயதசமி முடிந்து கொலுவை இறக்கிய பிறகும் இன்னும் சில நாள் வளர்ந்து முழுதாகிறது. இரண்டு பண்டிகையும் ஒரே நிலாவைப் பார்த்துத்தான் நடக்கின்றன. இதைப் பிள்ளைகளுக்கு வாயால் விளக்குவதைவிடக் கொலுவுக்குப் பக்கத்திலேயே ஓர் அட்டையை மாட்டிவிடுவது எளிது என்று தோன்றியது.

கறுப்பு அட்டை ஒன்று, ஜாம் பாட்டில் மூடி ஒன்று, வெள்ளைச் சாக்குக்கட்டி. மூடியை வைத்துப் பதினைந்து வட்டம் வரைந்துகொண்டோம். தினமும் சாயங்காலம் நிலாவைப் பார்த்துவிட்டு வந்து, வெளிச்சமாக இருக்கும் பகுதியை மட்டும் வெள்ளையால் நிரப்ப வேண்டும். மேகம் மறைத்த நாளில் வட்டத்துக்குள் ஒரு மேகம் வரைந்துவிட வேண்டும். சிங்கப்பூரில் மேக வட்டங்கள் நிறையவே விழும். அதற்காக யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை, அதுவும் பார்த்ததுதான்.

முதல் வாரத்து நிலா மேற்கே, சூரியன் மறைந்த பக்கம் தெரியும். எங்கள் தாழ்வாரம் கிழக்கைப் பார்த்தது. அதனால் கீழே இறங்கி, கார் நிறுத்துமிடத்தைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. படப் புத்தகங்களில் பிறை செங்குத்தாக நிற்கும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு அப்படி நிற்காது; வெளிச்சம் அடிப்பக்கத்தில், கொஞ்சம் சாய்ந்து கிடக்கும். பெரியவள் முதல் வட்டத்தைப் புத்தகத்தில் உள்ளபடி வரையப் போனாள். "மேலே பார், எங்கே வெள்ளையாக இருக்கிறது?" என்று கேட்டேன். திரும்பப் பார்த்தாள், வட்டத்தின் அடியை நிரப்பினாள். நிலா பாதி வளர்ந்தபோது அது பொழுது சாயும் நேரத்தில் தலைக்கு மேலே வந்துவிட்டது. கடைசி நாட்களில் கிழக்கே, எங்கள் தாழ்வாரத்துக்கு நேர் எதிரே எழுந்தது. சின்னவன் அதற்குள் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று பழகியிருந்தான்.

பதினைந்தாம் நாள் நிலவைவிடப் பதினாறாம் நாள் நிலவுதான் வட்டம் என்று சீனர்களிடம் ஒரு சொல்வழக்கு உண்டு. போபோ அதைச் சொன்னார். 2025-இல் அது அப்படியே பொருந்தியது: சரியான முழு நிலவு அக்டோபர் 7, நண்பகலுக்குச் சற்று முன்னால். எனவே அட்டையில் பதினாறாவதாக ஒரு வட்டத்தையும் சேர்த்துக்கொண்டோம்.

மீன் லாந்தர்

தன் மகன் சிறுவனாக இருந்தபோது தூக்கிக்கொண்டு நடந்த லாந்தரைப் போபோ சாமான் அறையிலிருந்து எடுத்து வந்தார். கம்பியால் செய்த மீன். மேலே ஒட்டியிருந்த கண்ணாடித்தாள் நிறம் போய், தொட்டால் உதிர்கிற நிலையில் இருந்தது. வாலும் உடலும் சேரும் இடத்தில் கம்பி துருப்பிடித்துத் தளர்ந்து ஆடியது. ஆனால் வயிற்றுக்குள் மெழுகுவத்தி செருகுவதற்காகச் சுருட்டி வைத்த கம்பிச் சுருள் மட்டும் கெட்டியாக இருந்தது. "எறியப் போகிறேன், பிள்ளைகள் விளையாடட்டும்" என்றார். எறிய வேண்டாம், உடுப்பை மாற்றிவிடலாம் என்றேன்.

பழைய தாளைக் கிழிப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு பகுதியின் மேலும் செய்தித்தாளை வைத்து, கம்பி ஓடும் ஓரத்தைப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்துக்கொள்ள வேண்டும். வயிறு, இடது பக்கம், வலது பக்கம், முதுகுத் துடுப்பு, வால் என்று எழுதி வைத்துக்கொண்டால் பிறகு வெட்டும்போது தடுமாற்றம் வராது. கையால் செய்த கூடு என்பதால் இடதும் வலதும் ஒரே அளவில் இருக்காது, ஒன்றை வைத்து இரண்டையும் வெட்டக்கூடாது.

அச்செடுத்த பிறகு ஈரத்துணியைப் பசை ஓடும் கோட்டில் சற்று நேரம் வைத்தால் தாள் தானே விட்டுக்கொடுக்கும். இது முழுக்கப் பிள்ளைகள் வேலை. துருவை உப்புத்தாளால் தேய்ப்பது பெரியவர் வேலை. கம்பி முனை விரலைக் கிழிக்கும், துருத்தூள் கண்ணில் விழும். தேய்த்ததும் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். எண்ணெய் பூசினால் பசை பிடிக்காது. தளர்ந்த இணைப்பை மெல்லிய செம்புக் கம்பியால் இறுக்கிச் சுற்றி, முனையை உள்பக்கமாக மடித்து, அதன்மேல் காகித டேப்பை ஒரு சுற்றுச் சுற்றினேன். டேப் இல்லாவிட்டால் புதுத் தாளை அந்த முனையே கிழித்துவிடும்.

சிவப்பும் மஞ்சளுமாகக் கண்ணாடித்தாள் வாங்கினோம். அச்சைவிடச் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு வெட்டிக்கொண்டு, கம்பியின்மேல் பசை தடவி, தாளை இழுத்து வைத்து, கூடுதல் ஓரத்தைக் கம்பிக்கு உள்ளே மடித்து, துணி மாட்டும் கிளிப்பால் பிடித்து வைக்க வேண்டும். முதலில் வயிறு, அடுத்து இரண்டு பக்கம், கடைசியில் துடுப்பும் வாலும். இந்த வரிசை முக்கியம். வயிற்றுப் பகுதி வளைந்து வருவதால் அங்கேதான் சுருக்கம் விழும், அதன்மேல் பக்கத்தாள் வந்து உட்கார்ந்தால் சுருக்கம் மறைந்துவிடும். முதுகில் ஒரு பகுதியைத் திறந்தே விட வேண்டும். கை உள்ளே போக வேண்டும், விளக்கின் சூடும் வெளியே போக வேண்டும்.

செதில்தான் பிள்ளைகளின் பங்கு. சீனப் புத்தாண்டுக்குப் பணம் வைத்துக் கொடுத்த ஆங்பாவ் உறைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். அந்தச் சிவப்புக்கும் தங்க அச்சுக்கும் ஈடான காகிதத்தைக் கடையில் தேடிப் பிடிக்க முடியாது. அவற்றை அரைவட்டமாக வெட்டி, வாலிலிருந்து தலையை நோக்கி, ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையின் மேல்விளிம்பை மூடும்படி ஒட்ட வேண்டும். பெரியவள் வலது பக்கத்தை எடுத்துக்கொண்டாள், வரிசை பிசகவில்லை. சின்னவன் இடது பக்கம். அவன் செதிலெல்லாம் கண்ணுக்குக் கீழே ஒரே இடத்தில் குவிந்தன, மற்ற இடம் வெறும் சிவப்பாக நின்றது. அதை அப்படியே விட்டோம். ராத்திரி விளக்கேற்றியபோது அந்தப் பக்கத்திலிருந்துதான் அதிக வெளிச்சம் வந்தது. செதில் அடர்ந்த பக்கம் ஒளியை மறைத்துவிட்டது. அடுத்த முறை இரண்டு பக்கமும் இடைவெளி விட்டே ஒட்டச் சொல்வேன்.

உள்ளே பேட்டரி மெழுகுவத்திதான். இப்போது கடைகளில் கண்ணாடித்தாள் என்று கிடைப்பவற்றில் பல பிளாஸ்டிக், தீ பட்டால் சுருண்டு உருகும். மூன்று வயதுப் பிள்ளை கையில் ஆட்டிக்கொண்டு ஓடப்போகும் பொருளில் நெருப்பு வேண்டாம்.

எளிதான லாந்தர் வேண்டும் என்றால்: ஓர் ஏ4 வண்ண அட்டையை நீளவாக்கில் இரண்டாக மடித்து, மடிப்பிலிருந்து ஓரத்துக்கு இரண்டு விரற்கடை இருக்கும்வரை வரிசையாகக் கீறி, விரித்து, உருளையாக்கி ஸ்டேப்ளர் அடித்து, ஒரு பட்டையைக் கைப்பிடியாக வைத்தால் முடிந்தது. மொண்ணைக் கத்தரிக்கோலிலேயே செய்யலாம். தாழ்வாரத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஆளுக்கொன்று செய்துகொண்டார்கள்.

பம்பளிமாஸ் விளக்கு

நிஜ நெருப்பைப் பார்க்க வேண்டும் என்று பெரியவளுக்கு ஆசை. அதற்கு இடம் கொடுத்தது பம்பளிமாஸ். பண்டிகைச் சமயத்தில் மலேசியாவின் ஈப்போ பக்கத்துப் பழங்கள் ஈரச்சந்தையில் குவிந்திருக்கும். தோலைக் குடைந்து விளக்காக்குவது கான்டனீஸ் வீடுகளில் பழைய வழக்கம். ஈரம் நிறைந்த தடித்த தோல் என்பதால் சட்டென்று பற்றிக்கொள்ளாது. அதனால் காகிதத்துக்குப் பேட்டரி, பம்பளிமாஸுக்கு மெழுகுவத்தி என்று பிரித்துக்கொண்டோம்.

அடி தட்டையாக, மேஜையில் வைத்தால் உருளாமல் நிற்கும் பழமாகப் பார்த்து எடுக்க வேண்டும். மேலே ஐந்தில் ஒரு பங்கை மூடியாகச் சீவிவிட்டு, வெள்ளைச் சதைக்கும் சுளைக்கும் நடுவே கரண்டியின் காம்பை நுழைத்துச் சுற்றிலும் விட்டுவிட்டுத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். அவசரப்பட்டால் தோல் பிளந்துவிடும். அடிப்பாகம் வரை காம்பு போனதும் பழத்தைக் கையால் திருகினால் சுளை மொத்தமாகக் கழன்று வரும். வராவிட்டால் சுளை சுளையாக எடுத்துக்கொள்ளலாம், விளக்குக்கு அதனால் குறை ஒன்றும் இல்லை.

உள்ளே இரண்டு சென்டிமீட்டருக்கு வெள்ளைச் சதை இருக்கும். அதை அரை சென்டிமீட்டர் ஆகும்வரை கரண்டியால் சுரண்ட வேண்டும். சின்னவன் மடியில் தட்டை வைத்துக்கொண்டு, பழத்தைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, சுரண்டிக்கொண்டே இருந்தான். பஞ்சாக உதிர்வதை உள்ளங்கையில் அமுக்கினான், விட்டதும் அது திரும்ப எழும்புவதைப் பார்த்தான், திரும்ப அமுக்கினான். அவன் கை, சட்டை, தலைமுடி எல்லாம் பம்பளிமாஸ் வாசம். இந்த ஒரு வேலைக்காகவே இந்த விளக்கைச் செய்யலாம்.

தோல் மெலிந்ததும் பேனாவால் உருவங்களை வரைந்தார்கள். காய்கறி வெட்டும் சின்ன உலோக அச்சு இருந்தால் நட்சத்திரம், பூ எல்லாம் பெரியவளே அழுத்தி எடுக்கலாம். முயலின் காது, கத்தி முனை தேவைப்படும் வளைவுகள் என் வேலை. எஞ்சிய இடத்தில் சாப்ஸ்டிக்கின் கூர்முனையால் குத்திக் குத்தி ஓட்டை போட்டால் ராத்திரி அவைதான் அழகாகத் தெரியும். விளிம்புக்குக் கீழே மூன்று துளை போட்டு, நூல் கோத்து, இன்னொரு சாப்ஸ்டிக்கில் கட்டினால் கைப்பிடி. மூடியைத் திரும்ப வைக்கக்கூடாது, சூடு மேலே போக வழி வேண்டும். உள்ளே வைப்பது தகர மூடிக்குள் இருக்கும் குட்டி மெழுகுவத்தி. ஏற்றியவுடனே தோலிலிருந்து எண்ணெய் வாசம் கிளம்பும், தாழ்வாரம் முழுக்கப் பரவும். பிடித்துக்கொண்டு நடந்தது பெரியவள், அவளோடு ஒட்டி நடந்தது நான்.

இன்னொரு பழத்தின் தோலைப் போபோ கேட்டு வாங்கிப் போனார். மேல்தோலைச் சீவிவிட்டு வெள்ளைச் சதையை ஊறவைத்துப் பிழிந்து, கசப்பை இறக்கி, குழம்பில் மெல்ல வேகவைப்பார்களாம். எதையும் எறியாத சமையல்.

பனித்தோல் மூன்கேக்

சுட்ட மூன்கேக்கைப் பிள்ளைகளோடு செய்ய நான் விரும்பவில்லை. கோல்டன் சிரப், காரநீர், அடுப்புச் சூடு எல்லாம் உண்டு. சுட்டு எடுத்த பிறகும் தோல் மென்மையாக இரண்டு மூன்று நாள் காத்திருக்க வேண்டும். பனித்தோலுக்கு அடுப்பில் சுடும் வேலை இல்லை. மாவை ஆவியில் வேகவைத்து, ஆறவிட்டு, பூரணம் வைத்து, அச்சில் அழுத்தினால் அன்றைக்கே சாப்பிடலாம். சில கடைகளில் சுட்ட வகைக்குப் பன்றிக்கொழுப்புச் சேர்ப்பதும் உண்டு. நாங்கள் செய்ததில் கொழுப்பும் முட்டையும் இல்லாததால் சைவம் சாப்பிடும் என் அம்மாவுக்கும் கொடுக்க முடிந்தது.

பூரணத்துக்குப் பாசிப்பருப்பை எடுத்துக்கொண்டேன். சீனர்களின் மூன்கேக்கிலும் பாசிப்பருப்பு விழுது வழக்கமானதுதான், புதிதாக நாம் புகுத்துவது அல்ல. தேக்கா சந்தையில் வாங்கிய தோல் நீக்கிய பருப்பு 150 கிராம். நான்கு மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, ஒரு பாண்டான் (ரம்பை) இலையை முடிச்சுப் போட்டு மேலே வைத்து, விரலால் நசுக்கினால் மாவாகும்வரை ஆவியில் வேகவைக்க வேண்டும். கொஞ்சம் நீர் விட்டு வழவழப்பாக அரைத்து, 80 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து, ஒட்டாத சட்டியில் சிறு தீயில் கிளற வேண்டும். 50 கிராம் எண்ணெயை மூன்று தடவையாக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் பருப்பு அதைக் குடித்த பிறகே அடுத்ததை ஊற்ற வேண்டும். சட்டியை விட்டுத் திரண்டு வந்ததும் இறக்கலாம். ஏலக்காய் போடக் கை நீண்டது. பாண்டான் வாசத்துக்கு அது வேண்டாம் என்று வைத்துவிட்டேன், வைத்தது நல்லது.

உப்பு மஞ்சள்கருவின் இடத்தில் ஒரு நிலா. பூரணத்தில் இரண்டு கரண்டியைத் தனியே எடுத்து, அதே அளவு வெந்த மஞ்சள் பூசணி மசியலோடு சேர்த்து ஈரம் வற்றக் கிளறினால் நல்ல மஞ்சள் நிறம் வரும். அதை 5 கிராம் உருண்டைகளாக உருட்டுவது சின்னவனின் வேலை. வெட்டும்போது நடுவில் நிலா தெரியும் என்று தெரிந்த பிறகு அவன் ஓர் உருண்டையையும் விட்டுவைக்காமல் எண்ணிக்கொண்டிருந்தான்.

மேல்தோலுக்கு: பசையரிசி மாவு 45 கிராம், சாதாரண அரிசி மாவு 35 கிராம், கோதுமை ஸ்டார்ச் 20 கிராம், பொடித்த சர்க்கரை 50 கிராம், பால் 185 மில்லி, எண்ணெய் 20 மில்லி. கோதுமை ஸ்டார்ச் கிடைக்காவிட்டால் சோளமாவு போடலாம். எல்லாவற்றையும் கட்டியில்லாமல் கரைத்து, வடிகட்டி, அரை மணி நேரம் வைத்து, அகலத் தட்டில் ஊற்றி, ஆவிநீர் சொட்டாமல் மேலே மூடி, 25 நிமிடம் வேகவைக்க வேண்டும். வெந்ததும் மேலே எண்ணெய் மிதக்கும், பார்த்துப் பயப்பட வேண்டாம். சூட்டோடு கரண்டியால் நன்றாகக் கிளறினால் மாவு அதை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

நன்றாக ஆறிய பிறகு மூன்று பங்காகப் பிரித்து, உணவுக்கான கெட்டிப் பிளாஸ்டிக் பைகளில் போட்டு, வாயைக் கட்டிப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டேன். பசையரிசி கையில் ஒட்டினால் சிறு பிள்ளைகள் அழுதுவிடுவார்கள், பைக்குள் என்றால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பிசைவார்கள். நிறத்துக்குத் தாழ்வாரத்துத் தொட்டியில் பூத்த சங்குப்பூவைக் கொஞ்சம் வெந்நீரில் ஊறவைத்த சாறு ஒரு பைக்கு, அரைத்துப் பிழிந்த பாண்டான் சாறு இன்னொரு பைக்கு, மூன்றாவது வெள்ளை. சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும், அதிகமானால் மாவு தளர்ந்துவிடும். நிறம் முழுக்கக் கலக்கும் முன்னால் நிறுத்தச் சொன்னாள் பெரியவள். நீலக் கோடுகள் ஓடிய அந்த மாவுதான் கடைசியில் எல்லாரும் கேட்டு வாங்கியது. பிறகு ஒரு மணி நேரம் குளிர்பெட்டியில்.

அந்த ஒரு மணி நேரம் கதைக்கு. வானத்தில் பத்துச் சூரியன் எரிந்தன, ஹோ யி என்ற வில்லாளி ஒன்பதைச் சுட்டு வீழ்த்தினான், சாகாமருந்து பரிசாகக் கிடைத்தது. அதை ஒரு கெட்டவன் திருட வந்தபோது மனைவி சாங்-இ தானே குடித்துவிட்டு நிலாவுக்கு மிதந்து போய்விட்டாள். அங்கே அவளுக்குத் துணை, உரலில் மருந்து இடிக்கும் ஜேட் முயல்; ஜேட் என்பது ஒரு பச்சைக்கல். இந்தக் கதைக்குப் பல வடிவங்கள் உண்டு. போபோ சொன்னது இது. நிலாவில் பாட்டி வடை சுடுகிறாள் என்று என் அம்மா சொல்லிவைத்திருந்ததால், பாட்டி எங்கே என்ற கேள்வி உடனே வந்தது. கறுப்பாகத் தெரியும் இடத்தில் முயலையும் பார்க்கலாம், பாட்டியையும் பார்க்கலாம்; நம் பழைய பாடல்களிலும் நிலாவில் முயல் இருக்கிறது என்று சொன்னேன். "இப்போ போய்ப் பார்க்க முடியாதா?" என்றாள் பெரியவள். பார்க்கப் போயிருக்கிறார்கள். சீனா அனுப்பிய கலத்தின் பெயரே சாங்-இ. 2013 டிசம்பரில் சாங்-இ 3 இறங்கியது; அதிலிருந்து உருண்டு போன வண்டியின் பெயர் யூட்டு, அந்த ஜேட் முயலேதான். 2019 ஜனவரியில் சாங்-இ 4 நாம் பார்க்கவே முடியாத பின்பக்கத்தில் இறங்கியது. 2024-இல் சாங்-இ 6 அந்தப் பின்பக்கத்து மண்ணையே அள்ளிக்கொண்டு வந்தது. 2023 ஆகஸ்டு 23-இல் நம் சந்திரயான் 3 தென்துருவத்துப் பக்கம் இறங்கியதையும் சொன்னேன். அன்று பம்பளிமாஸில் ஆறு சக்கரம் வைத்த முயல் ஒன்று ஏறியது இப்படித்தான்.

மாவு குளிர்ந்ததும் எடை போடும் வேலை. 50 கிராம் அச்சுக்குத் தோல் 25, பூரணம் 20, நிலா 5. பெரியவர்கள் செய்யும்போது தோலை 20-ஆகக் குறைப்பார்கள். சின்னக் கைகளுக்குத் தடித்த தோல்தான் கிழியாமல் வரும். எண்ணைப் படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் மின்தராசைக் கொடுத்துவிட்டால் போதும். 25 வரும்வரை கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டே இருப்பாள். தோலைத் தட்டி உள்ளே பூரணம் வைத்து மூடுவது நம் கொழுக்கட்டைச் சொப்புப் பிடிக்கிற அதே கைவேலை. என் அம்மா அதைச் செய்ததைப் பார்த்துவிட்டுப் போபோ தன் இருக்கையை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். இருவருக்கும் பொதுவாகப் பத்துச் சொல்கூட இல்லை, மாவை மட்டும் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டார்கள்.

தூவுவதற்கு மூன்று கரண்டி பசையரிசி மாவைக் கொஞ்சம் நிறம் மாறும்வரை வெறும் சட்டியில் வறுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இந்த மாவு சாப்பிடும் பொருளின் மேலேயே நிற்கும், பச்சையாகத் தூவக்கூடாது. உருண்டையை அந்த மாவில் லேசாகப் புரட்டி, சற்று நீளவாக்கில் உருட்டி, சுவரில் உரசாமல் அச்சுக்குள் விட்டு, தட்டின்மேல் கவிழ்த்து, பிடியை நேராகக் கீழே அழுத்த வேண்டும். மூன்று எண்ணும்வரை பிடித்துவிட்டு, அச்சைத் தூக்கி, மெல்லத் தள்ளினால் பூவும் எழுத்தும் பதிந்து கீழே இறங்கும். சின்னவன் முக்காலியின்மேல் நின்று இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தினான், அவன் கைமேல் என் கை. வெளியே வந்த மூன்கேக்கின் மேல் அவன் வாயைத் திறந்தபடி நின்றதை நான் வெகுநாள் மறக்க மாட்டேன். சிலவற்றில் இதழ் ஒரு பக்கம் மங்கியிருந்தது. அவை யாருடையவை என்று பெட்டியில் பெயர் எழுதாமலே தெரிந்தது.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பசையரிசி பண்டம் சிறு பிள்ளைகளின் தொண்டையில் ஒட்டும். உட்காரவைத்து, மிகச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒன்றை விழுங்கிய பிறகே அடுத்ததைக் கொடுக்க வேண்டும். லாந்தரோடு ஓடும்போது வாயில் ஒன்றும் இருக்கக்கூடாது. மூடிய டப்பாவில் குளிர்பெட்டியில் வைத்து இரண்டு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும், அதற்குப் பிறகு தோல் இறுகிவிடும்.

அன்று சாயங்காலம்

இது சிங்கப்பூரில் விடுமுறை நாள் இல்லை, அக்டோபர் 6 திங்கட்கிழமை. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை சிறுவர் தினம், பள்ளி இல்லை. அதனால் பூரணம், லாந்தர் வேலை எல்லாம் வாரக்கடைசியிலேயே முடிந்திருந்தன. கொலுப்படியில் ஒரு பலகையைக் கழுவித் தாழ்வாரத்தில் போட்டோம். அதன்மேல் மூன்கேக், பம்பளிமாஸ் சுளை, தோலோடு அவித்த சேப்பங்கிழங்கு, தேநீர். சீனர்கள் இந்த நாளில் வைக்கும் சின்னக் கிழங்கு நம் சேப்பங்கிழங்குதான். தோலை உரித்துச் சர்க்கரையில் தொட்டுச் சாப்பிடுவார்கள், பிள்ளைகளுக்கு மூன்கேக்கைவிட அது பிடித்தது. போபோ இரண்டு பக்கமும் கொம்பு வளைந்த கறுப்பு நீர்க்கொட்டைகளை வேகவைத்துக் கொண்டுவந்தார். அதை உடைத்துக் கொடுப்பது அவர் வேலை, வேறு யாரையும் விடவில்லை.

மேகம் வந்து வந்து போனது. நிலா தெரிந்த நேரத்தில் எல்லாரும் லாந்தரைத் தூக்கிக்கொண்டு எங்கள் அடுக்குமாடி புளோக்கைச் சுற்றினோம். விளையாட்டுத் திடலில் ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். மெழுகை அங்கே தரையில் சொட்டவிடக்கூடாது, ரப்பர் தரையிலிருந்து அதைச் சுரண்டி எடுப்பது துப்புரவுத் தொழிலாளிகளின் காலை வேலையாகிவிடும். எனவே மெழுகுவத்தி வைத்த பம்பளிமாஸ் சிமெண்டுப் பாதையிலேயே நின்றது, அதன் கீழே ஒரு பழைய தட்டு.

முடிந்ததும் மீனின் வயிற்றிலிருந்து பேட்டரி மெழுகுவத்தியைக் கழற்றித் தனியே வைத்தேன். அக்டோபர் 20 தீபாவளி, அதே விளக்குகள் வாசலுக்கு ஆகும். கண்ணாடித்தாள் லாந்தரை மடிக்கவோ அடுக்கவோ கூடாது, தலையணை உறையில் போட்டு ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். மூன்கேக் அச்சைச் சோப்பு நீரில் ஊறவைத்துப் பல்துலக்கியால் தேய்த்து, அதன் சுருள்வில்லில் ஈரம் இல்லாமல் காயவைத்து எடுத்து வைக்க வேண்டும். 2026-இல் பண்டிகை செப்டம்பர் 25. பெரியவள் மூங்கில் குச்சியில் முயல் லாந்தர் கட்ட வேண்டும் என்று படம் வரைந்து வைத்திருக்கிறாள். சக்கரமும் உண்டு. அச்சாணிக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம், பழைய பேனாக் குழாய் சரியாக வரும் என்று நினைக்கிறேன்.